பச்சைத்தண்ணீர்

ஷோதவாலில் எங்கும் பனி தங்கும்,
கீழத்தெருவில் தங்காது.
தெரு நடுவே திறந்த வாய்க்கால்.
எண்பத்தொரு டிகிரி வெந்நீர்
மலைக்குள்ளிருந்து வந்து
ஆற்றுக்கு அவசரமாய்ப் போகிறது.
பயணிகள் படமெடுக்கிறார்கள்.

என் முழங்காலுக்கு
மூன்று வாரம் எழுதித் தந்திருந்தார் டாக்டர்.
காலையில் சேற்றுப் பற்று.
மாலையில் வேலையில்லாமல்
நகராட்சி மாடியில்
ஊற்றின் கணக்கேடுகளைப் புரட்டினேன்.

ரோமானியர் தொட்டி என்று வழிகாட்டி காட்டுவது
பன்றி மயிர் வழித்த தொட்டி.
ரோமானியர் வந்திருக்கலாம்.
பன்றிகள் வந்ததற்கு எழுத்து இருக்கிறது:
தலைக்கு இரண்டு சல்லி,
கம்பளி மூட்டைக்கு மூன்று,
முட்டை அவித்துக்கொள்ள யாருக்கும் காசில்லை.

வெந்நீரால் வீடு வேகாது என்போம் நாம்.
இங்கே அதுதான் வேகவைத்தது.
பைன் மரத்தைக் குடைந்த குழாய்கள்
ஒவ்வொரு வீட்டுத் தரைக்கடியிலும்.
கீழத்தெருவில் அடுப்பில்லை, புகைபோக்கியில்லை,
பூனைகள் வெறுந்தரையில் உறங்கின.
மேலத்தெருவில் விறகெரித்தவர்களுக்கு
இவர்கள் வைத்த பெயர்
கரிமூஞ்சிகள்.

1887, பிப்ரவரி
ஒன்பது முதல் பத்தொன்பது வரை
ஏட்டில் எழுத்தில்லை.
இடையில் ஒரு கடிதம் செருகியிருந்தது,
லியோன் கம்பெனி நஷ்டஈடு கேட்டு எழுதியது.
அதிலிருந்து கொஞ்சம்,
பாதிரியாரின் நாட்குறிப்பிலிருந்து கொஞ்சம்,
மீதியை நானே கட்டிக்கொண்டேன்.

நூற்றிருபது அறை ஹோட்டலுக்காக
எஞ்சினியர் தெல்பெக் மேட்டில் துளையிட்டார்.
முப்பத்தோராம் மீட்டரில் நீர் சீறியது.
தொப்பிகள் பறந்தன, பேண்டு வாசித்தார்கள்.

கீழத்தெருவுக்கு முதலில் வந்தது குளிரல்ல.
தலைமுறைகளாய்த் தரைக்கடியில் முனகிக்கொண்டிருந்தது
நின்றுபோனது.
நாய்கள் எழுந்து உட்கார்ந்தன.

சலவைக்காரி சிதோனி ரூஷேக்கு முப்பத்து நான்கு வயது.
பன்றி வழிக்கத் தெரியும், விரிப்பு வெளுக்கத் தெரியும்,
நெருப்பு மூட்டத் தெரியாது.
மூன்று மடங்கு விலைக்கு விறகு விற்ற கரிமூஞ்சி,
அந்தோனன் ஃபாப்ரெக்,
ஊதக் கற்றுத்தந்ததற்குக் கூலி வாங்கவில்லை.
புகை போக வழியில்லாத வீடு.
கதவைத் திறந்தால் குளிர்,
மூடினால் இருமல்.

ஆறாம் நாள் நாற்காலிகள் எரிந்தன.
பிறகு கட்டில்.
ஒன்பதாம் நாள் தரையைத் தோண்டி
குழாய்களை வெளியே எடுத்தார்கள்.
உட்புறமெல்லாம் சுண்ணாம்பு, ஒரு விரற்கடை கனத்துக்கு.
பாதி எரிந்தது, பாதி வெடித்தது.
நீர் திரும்பினால் எதில் வரும் என்று
யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பதினோராம் நாள் இரவு,
திறப்பு விழாவுக்கு முன் வெளுக்கக் கொடுத்திருந்த
ஹோட்டலின் புது விரிப்புகள்
சிதோனியின் வண்டியில் மேடேறின.
தள்ளிப் போனவர்கள் எத்தனை பேரோ.
கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்:
லினன் விரிப்புகள் நாற்பத்து மூன்று,
கற்கள் நிரப்பிய பீப்பாய் ஒன்று,
துளை அடைபட்டதற்குத் தனிக் கணக்கு.
ஓரத்தில் மேயரின் கையெழுத்து:
சாட்சி இல்லை.

விடியுமுன் நீர் கீழே வந்தது.
குழாயைத் தேடியது,
கிடைக்காமல் தெருவில் நடந்தது.
இன்றும் நடக்கிறது.

1911இல் துளையைச் சுத்தம் செய்தபோது
விரிப்பின் ஒரு மூலை மேலே வந்தது,
கல்லாக.
குளியல் நிலைய வாசலில்
கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்,
மடிப்பு கலையாமல்,
ஓரத் தையலை எண்ணிவிடலாம் போல.
இயற்கையின் விந்தை
என்கிறது அட்டை.

நேற்று இரவு தாகத்துக்குப்
பச்சைத்தண்ணீர் கேட்டேன்.
அந்தச் சொல்லை அவர்கள் மொழியில் எப்படிக் கேட்பது?
சுடாத நீர் என்றேன்.
பணிப்பெண் ஜன்னலோரம் இருந்த ஜாடியைக் காட்டினாள்.
மாலையில் பிடித்து
ஆறட்டும் என்று வைத்ததாம்.

மூடியைத் திறந்தேன்.
இன்னும் ஆறவில்லை.